நுரையீரல் புற்றுநோயும் ரோபோவின் மணிக்கட்டும்

மருத்துவமனை விளம்பரங்களில் ஒரு படம் இப்போது வாடிக்கையாகிவிட்டது. நான்கு கைகளை நீட்டிக்கொண்டு நிற்கும் வெள்ளை இயந்திரம், அதன் கீழே மூன்று வாக்குறுதிகள்: சிறிய துளை, குறைந்த வலி, விரைவில் வீடு. மூன்றும் பொய்யல்ல. ஆனால் நுரையீரல் புற்றுநோயைப் பொறுத்தவரை இந்த மூன்றையும் ரோபோவின் வரவில் எழுதுவது நியாயமில்லை. ரோபோ அந்த அறைக்குள் வருவதற்கு முன்பே அவை கிடைத்துவிட்டன. இயந்திரம் கொடுத்தது வேறொன்று. அது விளம்பரப் பலகையில் எழுத முடியாத அளவுக்குச் சலிப்பூட்டும் விஷயம்: நிணநீர்க் கணுக்கள்.

அதற்குப் போகுமுன் மார்புக்கூட்டின் அமைப்பைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். வயிற்றுக்குள் நுழையத் தோலும் தசையும்தான் தடை. நுரையீரலோ எலும்புக் கூண்டுக்குள் இருக்கிறது. பழைய முறையில், முதுகுப் பக்கத்திலிருந்து விலாவை ஒட்டி முன்புறம் வரை நீளமாகக் கீறி, இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே இரும்பு விரிப்பானை வைத்துத் திருகித் திறப்பார்கள். சில சமயம் விலா உடையும். உடையாவிட்டாலும், ஒவ்வொரு விலாவின் கீழ் விளிம்பை ஒட்டி ஓடும் நரம்பு நசுங்கும். தையல் பிரித்து, காயம் ஆறி, தழும்பும் மங்கிய பிறகும் அந்த நரம்பு மாதக்கணக்கில் எரியும். சிலருக்கு ஆண்டுக்கணக்கில். வலியால் ஆழ்ந்து மூச்சு விட மாட்டார்கள், இருமவும் மாட்டார்கள். சளி தேங்கும், மீதமிருக்கும் நுரையீரலில் நிமோனியா வரும். வயதானவர்கள், புகைத்துப் புகைத்து நுரையீரல் ஏற்கெனவே தேய்ந்தவர்கள் பலர் புற்றுநோயைத் தாண்டியும் இந்தக் காயத்தைத் தாண்ட முடியாமல் திணறினார்கள்.

1933 ஏப்ரலில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இவார்ட்ஸ் கிரஹாம் என்ற அறுவை மருத்துவர், புற்றுநோய்க்காக ஒருவரின் இடது நுரையீரல் முழுவதையும் ஒரே அமர்வில் வெற்றிகரமாக எடுத்தார். காலியான இடம் சுருங்கட்டும் என்று பல விலா எலும்புகளையும் சேர்த்து எடுத்தார். நோயாளியும் ஒரு மருத்துவர், ஜேம்ஸ் கில்மோர். அவர் அதன்பிறகு முப்பது ஆண்டு வாழ்ந்தார். கிரஹாமோ தீவிரப் புகைப்பாளர். புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை எர்ன்ஸ்ட் வைண்டருடன் சேர்ந்து 1950 இல் நிறுவிக் காட்டிய அவரே, 1957 இல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். அவருடைய நோயாளி அவருக்குப் பின்னும் உயிரோடு இருந்தார்.

முழு நுரையீரலை எடுப்பதிலிருந்து ஒரு மடலை மட்டும் எடுப்பதற்கு மருத்துவம் இறங்கி வந்தது. வலது நுரையீரலில் மூன்று மடல்கள், இடதில் இரண்டு. கட்டி இருக்கும் மடலையும் அதன் வடிகாலில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுப்பது அரை நூற்றாண்டுக்கு மேலாக நிலைத்த முறை. எடுக்கும் அளவு குறைந்ததே தவிர, உள்ளே போகும் வாசல் அதே பெரிய கீறல்தான்.

அந்த வாசலைச் சிறிதாக்கியது கேமரா. ஸ்டாக்ஹோமில் ஹான்ஸ் கிறிஸ்டியன் யாக்கோபேயஸ் 1910 வாக்கிலேயே, சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயை விலா இடுக்கில் செருகி மார்புக்குள் பார்த்தவர். காசநோயால் நுரையீரல் மார்புச் சுவரோடு ஒட்டிக்கொண்ட இழைகளை அந்தக் குழாய் வழியாகவே பின்னர் அறுத்தும் காட்டினார். ஆனாலும் மடலையே இப்படி எடுக்க, வீடியோ கேமராவும், திசுவை மூடி வெட்டும் ஸ்டேப்லரும் வரும்வரை, அதாவது 1990களின் தொடக்கம் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு மூன்று சிறு துளைகள், அவற்றில் ஒன்று மூன்று நான்கு சென்டிமீட்டர், விலாவை விரிப்பதே இல்லை. இதுதான் வீடியோ உதவியுடனான மார்பறை அறுவை. சுருக்கமாக வாட்ஸ் என்பார்கள்.

இது வெறும் அழகுக் கணக்கா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். பிரிட்டனில் ஒன்பது மருத்துவமனைகளில் 503 பேரிடம் நடந்த வயலெட் ஆய்வின் முடிவு 2022 இல் வந்தது. வாட்ஸ் செய்துகொண்டவர்கள் ஐந்தாவது வாரத்தில் நடமாட்டத்திலும் அன்றாட வேலையிலும் மேலாக இருந்தார்கள், மருத்துவமனையிலிருந்து ஒரு நாள் முன்னதாக வீடு போனார்கள், சிக்கல்கள் குறைவு. புற்றுநோயை அகற்றுவதிலும் குறை இல்லை. டென்மார்க்கில் 2016 இல் வெளியான ஆய்வும் வலி குறைவதைக் காட்டியிருந்தது. ஸ்பெயினின் தியேகோ கொன்சாலஸ் ரீவாஸ் இன்னும் ஒரு படி போய், ஒரே ஒரு துளை வழியாக மடலை எடுக்கும் முறையை 2010க்குப் பிறகு உலகெங்கும் பரப்பினார். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. துளைகளின் எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால், வழக்கமான ரோபோ முறையில் நான்கு ஐந்து துளைகள் போடுகிறார்கள். ரோபோ தோற்றுவிடும்.

அப்படியானால் ரோபோ எதற்கு?

வாட்ஸ் செய்யும் மருத்துவரின் கையில் இருப்பது நீண்ட, நேரான, மணிக்கட்டு இல்லாத கருவி. கொதிக்கும் எண்ணெயில் கிடக்கும் முறுக்கை நீளக் கம்பியால் திருப்புவது போன்ற வேலை அது. திருப்பலாம், எடுக்கலாம், ஆனால் பின்ன முடியாது. கருவி விலா இடுக்கில் ஊன்றியிருப்பதால் கை வலப்புறம் போனால் நுனி இடப்புறம் போகும். கேமராவை இன்னொருவர் பிடித்திருப்பார். அவர் கை களைத்தால் படம் ஆடும். பெரும்பாலும் திரையில் ஆழம் தெரியாது. இந்தக் குறைகளோடு, இதயத்திலிருந்து நேராக வரும் நுரையீரல் தமனியின் கிளைகளைச் சுற்றிப் பிரிக்க வேண்டும். வாட்ஸில் தேர்ந்தவர்கள் இதையெல்லாம் செய்கிறார்கள், அற்புதமாகவே செய்கிறார்கள். ஆனால் எல்லோருக்கும் அது வசப்படவில்லை. வாட்ஸ் வந்து இருபது ஆண்டு ஆன பிறகும் வளர்ந்த நாடுகளிலேயே பலர் மார்பைத் திறந்துதான் மடலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ரோபோவின் பிறப்பு இந்தத் தேவையிலிருந்து வரவில்லை. போர்க்களத்தில் காயம்பட்ட சிப்பாய்க்குத் தொலைவிலிருந்தே அறுவை செய்யலாம் என்ற அமெரிக்க ராணுவத்தின் ஆசையில், கலிபோர்னியாவின் எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனத்தில் உருவான தொழில்நுட்பம் அது. 1995 இல் தொடங்கிய இன்ட்யூட்டிவ் சர்ஜிகல் நிறுவனம் அதை வாங்கி டா வின்சி என்ற இயந்திரமாக்கியது. 2000 இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. தொலைதூர அறுவையும் நடந்தேறியது: 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் உட்கார்ந்த ழாக் மரெஸ்கோ, பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் படுத்திருந்தவரின் பித்தப்பையை ஸேயுஸ் என்ற போட்டி இயந்திரத்தால் எடுத்தார். போர்க்களக் கனவு அதோடு பின்னுக்குப் போய், இயந்திரம் நோயாளியின் கட்டிலுக்கு மூன்று மீட்டர் பக்கத்தில் நிலைகொண்டது. நுரையீரல் பக்கம் அதை முதலில் கொண்டுவந்தவர்களில் ஒருவர் இத்தாலியின் பீசா நகரத்து ஃப்ராங்கா மெல்ஃபி. அவருடைய குழுவின் தொடக்க அனுபவம் 2002 இல் அச்சில் வந்தது. நான்கு கைகளையும் பயன்படுத்தி, எல்லாவற்றையும் துளைகள் வழியாகவே செய்யும் இன்றைய முறையை அமெரிக்காவில் ராபர்ட் செர்ஃபோலியோ போன்றவர்கள் செப்பனிட்டார்கள்.

ரோபோ என்ற பெயரால் வரும் குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். இந்த இயந்திரம் தானாக ஒரு தையல்கூடப் போடாது. மருத்துவர் கன்சோல் என்ற இயக்கு மேசையில் அமர்ந்து, இரண்டு கண்களுக்கும் தனித்தனிப் படம் தரும் கண்ணாடிக்குள் பார்க்கிறார். அதனால் ஆழம் தெரிகிறது, பத்து மடங்கு வரை பெரிதாகவும் தெரிகிறது. விரல்களில் மாட்டிய பிடிகளை அவர் அசைக்க, எட்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள கருவியின் நுனி மார்புக்குள் அசைகிறது. நுனிக்கு அருகே ஒரு மணிக்கட்டு. மனிதக் கை மடங்கும் எல்லாத் திசையிலும் மடங்கும். கையின் மூன்று சென்டிமீட்டர் அசைவை ஒரு சென்டிமீட்டராகச் சுருக்கலாம். இயல்பான கைநடுக்கம் வடிகட்டப்படுகிறது. கேமராவையும் அவரே ஓட்டுகிறார், உதவியாளர் களைப்பார் என்ற கவலை இல்லை. அவர் கையெடுத்துவிட்டால் எல்லாம் அப்படியே நிற்கும்.

அறுவை அறையில் நடப்பது இதுதான். நோயாளியின் மூச்சுக்குழாயில் இரட்டைக் குழாயைச் செருகி, மயக்கவியல் மருத்துவர் நோயுள்ள நுரையீரலுக்கு மட்டும் காற்றை நிறுத்துகிறார். அது சுருங்கி வழிவிடும், மற்றது உடலுக்கே மூச்சுவிடும். நல்ல பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேசையை இடுப்பருகே வளைத்து விலா இடுக்குகளை அகலப்படுத்துகிறார்கள். துளைகள் போட்டதும் மெல்லிய அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு செலுத்தப்படுகிறது. அது உதரவிதானத்தைத் தள்ளி, வேலை செய்ய இடம் பண்ணுகிறது. பிறகு மடலின் சிரை, தமனிக் கிளைகள், மூச்சுக்குழாய்க் கிளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து ஸ்டேப்லரால் மூடி வெட்டுகிறார்கள். மூச்சுக்குழாய்க் கிளையை வெட்டுமுன் அதைக் கவ்விக்கொண்டு நுரையீரலில் காற்றை ஊதச் சொல்வது வழக்கம். மீதமிருக்க வேண்டிய மடல் உப்புகிறதா என்று பார்க்க. தவறான கிளையைப் பிடித்திருந்தால் இங்கே தெரிந்துவிடும். கடைசியில் வெட்டிய மடலை உள்ளேயே ஒரு பைக்குள் போட்டு, துளைகளில் ஒன்றைச் சற்றுப் பெரிதாக்கி வெளியே இழுப்பார்கள். எட்டு மில்லிமீட்டர் துளை வழியாக ஒரு மடல் வராது. விளம்பரம் இதைச் சொல்வதில்லை.

இனி, தொடக்கத்தில் சொன்ன சலிப்பூட்டும் விஷயம். நிணநீர்க் கணு என்பது கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டும்போது நாம் தடவிப் பார்க்கிறோமே, அதுதான். மார்புக்குள்ளும் அவை வரிசை வரிசையாக இருக்கின்றன: நுரையீரலின் வேர்ப்பகுதியில் ஒரு கூட்டம், மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் கவட்டுக்கு அடியில் ஒரு கூட்டம், மகாதமனியின் வளைவருகே, உணவுக்குழாயின் ஓரத்தில், மூச்சுக்குழாயின் பக்கவாட்டில் என்று. மருத்துவர்கள் இவற்றுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். புற்றுநோய் முதலில் வேர்ப்பகுதிக் கணுக்களுக்கும், பிறகு மார்பின் நடுவிலுள்ள கணுக்களுக்கும் போகும், சில நேரம் முதல் வரிசையைத் தாண்டிக் குதித்தும் போகும். ஸ்கேனில் சாதாரணமாகத் தெரிந்த கணுவுக்குள் நுண்ணோக்கியின் கீழ் புற்று இருப்பது அபூர்வமல்ல.

கணுக்களை எடுப்பதால் என்ன பயன்? நோயாளியின் உடலிலிருந்து புற்று போவது ஒரு பயன். அதைவிடப் பெரியது, நோய் எந்த நிலையில் இருக்கிறது என்பது சரியாகத் தெரிவது. கணுவில் புற்று இல்லையென்றால் சிறிய கட்டிக்குப் பிறகு மருந்து வேண்டாம், கண்காணிப்பு போதும். ஒரு வேர்ப்பகுதிக் கணுவில் இருந்தாலே அது இரண்டாம் நிலை, சிகிச்சையின் பாதையே மாறும். முன்பு இந்த வித்தியாசத்தால் கிடைத்தது கீமோதெரபியின் சிறு பயன் மட்டுமே. இப்போது நிலைமை வேறு. இ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு, அறுவைக்குப் பின் மூன்றாண்டு ஓசிமெர்டினிப் மாத்திரை கொடுத்த அடாரா ஆய்வில், இரண்டாம் நிலையிலிருந்து மூன்றாம் நிலையின் முதல் பிரிவு வரை இருந்தவர்களில் ஐந்தாண்டு உயிரோடிருந்தோர் 85 சதவீதம். மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுத்தவர்களில் 73 சதவீதம். இந்த மரபணு மாற்றம் ஐரோப்பியரைவிட ஆசியரிடம் அதிகம், புகைக்காதவர்களிடம் அதிகம், பெண்களிடம் அதிகம். ஆகவே கணுவை எடுக்காமல் விட்டால், அதில் புற்று இருந்தது தெரியாமல் போனால், நோயாளியை முதல் நிலை என்று தவறாக எழுதி, உயிர்காக்கும் மருந்தைக் கொடுக்காமலேயே வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடும்.

மணிக்கட்டுள்ள கருவியின் பெருமை இங்கேதான் தெரிகிறது. கவட்டுக்கு அடியில், இரண்டு பெரிய மூச்சுக்குழாய்களுக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே, ஆழத்தில் கிடக்கும் கொழுப்புத் திரளிலிருந்து கணுவைச் சிதைக்காமல் உரித்தெடுப்பது நேர்க்கம்பிக்குக் கஷ்டமான வேலை. ரோபோவுக்கு அது சொந்த ஊர். ஷாங்காயின் ருயிஜின் மருத்துவமனையில் 320 பேரைச் சீட்டுக் குலுக்கல் போலப் பிரித்து நடத்திய ஆய்வில், ரோபோவால் எடுத்த கணுக்களின் நடு எண்ணிக்கை 11, வாட்ஸில் 10. கனடா தலைமையில் ராவல் என்ற பெயரில் நடந்த 164 பேர் ஆய்வில் 10க்கு 8. இத்தாலியில் வெரோனேசி தலைமையில் நடந்து பாதியிலேயே நிறுத்தப்பட்ட சிறிய ஆய்விலும் கணுக் கணக்கில் ரோபோ முன்னே நின்றது. மூன்று நாடு, மூன்று குழு, ஒரே திசை.

ஆனால் இந்த எண்களை உற்றுப் பார்த்தால் உற்சாகம் கொஞ்சம் அடங்கும். பதினொன்றுக்கும் பத்துக்கும் நடுவே இருப்பது ஒரு கணு. இரண்டு முறையிலும் கைதேர்ந்தவர்கள் செய்த ஆய்வுகள் இவை என்பதை மறக்கக் கூடாது. வாட்ஸில் கரைகண்ட மருத்துவருக்கு ரோபோ தரும் கூடுதல் சிறியது. ஷாங்காயில் சிக்கல்களும் மருத்துவமனையில் தங்கிய நாட்களும் ஏறக்குறைய சமமே. செலவு மட்டும் சமமில்லை: வாட்ஸுக்குச் சுமார் 8,000 டாலர், ரோபோவுக்குச் சுமார் 12,800 டாலர். கனடிய ஆய்வோ, பன்னிரண்டாவது வாரத்தில் ரோபோ நோயாளிகளின் உடல்நலக் குறியீடு சற்று மேல் என்றும், தங்கள் நாட்டுக் கணக்குப்படி இந்தச் செலவு ஏற்கத்தக்கதுதான் என்றும் சொன்னது. அது கனடா, மருத்துவமனைச் செலவை அரசே தரும் நாடு.

நடுத்தரத் தேர்ச்சியுள்ள மருத்துவருக்கு ரோபோ என்ன செய்கிறது என்பதுதான் என் பார்வையில் சுவையான கேள்வி. அதற்குச் சீட்டுக் குலுக்கிய ஆய்வு விடை தராது. அன்றாடப் பதிவுகள்தான் தரும். அமெரிக்காவில் 21 நிறுவனங்களின் 5,721 மடல் நீக்கங்களைத் தொகுத்த போர்ட்டல் ஆய்வில், சிறுதுளையில் தொடங்கி முடிக்க முடியாமல் மார்பைத் திறக்க நேர்ந்தது வாட்ஸில் 12.9 சதவீதம், ரோபோவில் 3.6 சதவீதம். இந்த வகை ஆய்வில் நோயாளிகளைத் தேர்ந்தெடுத்த விதமே முடிவைச் சாய்க்கலாம், உண்மைதான். இருந்தாலும் இவ்வளவு இடைவெளியை அதை மட்டும் வைத்து விளக்குவது கடினம். மார்பைத் திறந்தே பழகிய ஒருவர் வாட்ஸுக்கு மாறுவதைவிட ரோபோவுக்கு மாறுவது எளிது என்று பல மருத்துவர்கள் சொல்வதோடு இது பொருந்துகிறது. திறந்த அறுவையில் பழகிய கையசைவு, மணிக்கட்டோடு, அப்படியே திரும்பக் கிடைக்கிறது.

ரோபோவுக்கு வேலை கூடிக்கொண்டே போவதற்கு இன்னொரு காரணம் ஜப்பானிலிருந்து வந்தது. ஒவ்வொரு மடலும் துண்டங்களாகப் பிரிந்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனி மூச்சுக்குழாய்க் கிளை, தனித் தமனி. சிறிய கட்டிக்கு மடல் முழுவதும் ஏன், ஒரு துண்டம் போதாதா? 1995 இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு போதாது என்றது. கொஞ்சமாக எடுத்தவர்களிடம் அதே இடத்தில் புற்று திரும்பி வருவது அதிகமாக இருந்தது. ஆனால் அது பழைய ஸ்கேன்களின் காலம். இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்படாத, ஓரத்தில் உள்ள கட்டிகளுக்கு ஜப்பானில் 70 மருத்துவமனைகளில் 1,106 பேரிடம் நடந்த ஜேகாக் 0802 ஆய்வின் முடிவு 2022 இல் வந்தபோது கணக்கு திரும்பியது. ஐந்தாண்டு உயிரோடிருந்தோர்: துண்டம் மட்டும் எடுத்தவர்களில் 94.3 சதவீதம், மடல் எடுத்தவர்களில் 91.1 சதவீதம். அடுத்த ஆண்டு அமெரிக்காவிலிருந்து 697 பேர் ஆய்வும் குறைவாக எடுப்பது போதும் என்றது.

விசித்திரம் என்னவென்றால், ஜப்பானிய ஆய்வில் துண்டம் எடுத்தவர்களிடம் புற்று அதே பக்கம் திரும்பி வந்தது இரு மடங்கு: 10.5 சதவீதம், மற்றவர்களிடம் 5.4. காப்பாற்றப்பட்ட மூச்சுத்திறனும் ஓராண்டில் 3.5 சதவீத வித்தியாசம் மட்டுமே. எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. அப்படியிருந்தும் அதிகம் பேர் பிழைத்தார்கள். மடல் எடுத்தவர்கள் பின்னாளில் மற்ற நோய்களாலும் வேறு புற்றுகளாலும் அதிகம் இறந்தார்கள். நுரையீரல் மிச்சம் இருந்தவர்களால் அடுத்த நோயையும் அடுத்த சிகிச்சையையும் தாங்க முடிந்தது என்பது ஒரு விளக்கம். முழுமையாக யாருக்கும் திருப்தி தராத விளக்கம்.

துண்டம் எடுப்பது மடல் எடுப்பதைவிட நுட்பமான வேலை. மடல்களுக்கு நடுவே இயற்கையே பிளவு போட்டு வைத்திருக்கிறது. துண்டங்களுக்கு நடுவே அப்படி எதுவும் இல்லை. எல்லைக்கோட்டைக் கண்டுபிடிக்க ஓர் உபாயம் உண்டு. எடுக்க வேண்டிய துண்டத்தின் தமனியை வெட்டிவிட்டு, இன்டோசயனின் கிரீன் என்ற சாயத்தை நரம்பூசி வழியாகச் செலுத்துவார்கள். கேமராவை அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளிக்கு மாற்றினால், சில நொடிகளில் நுரையீரல் முழுவதும் பச்சையாக ஒளிரும், ரத்தம் போகாத அந்தத் துண்டம் மட்டும் இருட்டாகவே நிற்கும். பச்சையும் இருட்டும் சந்திக்கும் கோட்டில் வெட்ட வேண்டும். இந்த வசதி வாட்ஸ் கேமராக்களிலும் வந்துவிட்டது என்றாலும், ரோபோவில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். சிறிய தமனிக் கிளைகளைத் தேடிப் பிரிக்கும் இந்த வேலையில் மணிக்கட்டு மறுபடி உதவுகிறது.

ரோபோவுக்கு இதுவரை இல்லாத ஒன்று, தொடு உணர்வு. கட்டி எங்கே என்று விரலால் அழுத்திப் பார்த்த மருத்துவருக்கு இப்போது கண் மட்டுமே துணை. திசுவை எவ்வளவு இழுக்கிறோம் என்பதை அது வெளுக்கும் விதத்திலிருந்து ஊகிக்க வேண்டும். 2024 மார்ச்சில் அமெரிக்க அனுமதி பெற்ற டா வின்சி 5 இழுவிசையைக் கைக்குத் திருப்பி உணர்த்தத் தொடங்கியிருக்கிறது. ஆழத்தில் புதைந்த சிறு கட்டியைத் தேட அதுவும் போதாது. முன்கூட்டியே சாயமோ கம்பியோ வைத்து அடையாளமிட வேண்டும். நுரையீரல் தமனியின் சுவர் மெல்லியது, உடலின் ரத்தம் முழுவதும் அதன் வழியாகத்தான் போகிறது. அது கிழிந்தால் மருத்துவர் மூன்று மீட்டர் தள்ளி, கையுறைகூட இல்லாமல், கன்சோலில் உட்கார்ந்திருக்கிறார். கட்டிலருகே நிற்கும் உதவியாளர் சுருட்டிய பஞ்சால் அழுத்திப் பிடிக்க வேண்டும், இயந்திரத்தை விலக்க வேண்டும், மார்பைத் திறக்க வேண்டும். நல்ல குழுக்கள் இதை ஒத்திகை பார்த்து வைத்திருக்கும். இது அபூர்வம்தான். ஆனால் ரோபோ அறுவையில் கன்சோலில் இருப்பவரைப் போலவே கட்டிலருகே நிற்பவரும் முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சிறுதுளை என்றாலே நல்லது என்ற நம்பிக்கைக்கு ஒரு கடும் அடி 2018 இல் விழுந்தது, வேறொரு உறுப்பில். கருப்பை வாய்ப் புற்றுக்குச் சிறுதுளை வழியாகக் கருப்பையை எடுத்தவர்களைவிட, வயிற்றைத் திறந்து எடுத்தவர்களே அதிகம் பிழைத்தார்கள் என்று லாக் ஆய்வு காட்டியது. மறு ஆண்டு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், ரோபோ அறுவை புற்றுநோயில் ஆயுளைக் கூட்டுகிறது என்று நிறுவப்படவில்லை என எச்சரித்தது. நுரையீரலில் இதுவரை வந்த ஆய்வுகளில் அப்படிப்பட்ட கேடு எதுவும் தெரியவில்லை. வாட்ஸைவிட ஆயுள் கூடுகிறது என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. சமம் என்பதே இன்றைய நிலை.

சமமென்றால் ஏன் இவ்வளவு வேகமாகப் பரவுகிறது? பாதி காரணம் வியாபாரம். இன்ட்யூட்டிவ் நிறுவனத்தின் 2024 வருமானம் 835 கோடி டாலர். அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல், இயந்திரம் வாங்கிய பிறகும் தொடர்ந்து வரும் பணம்: கருவிகள், பராமரிப்பு ஒப்பந்தம், குத்தகை. ஒவ்வொரு கருவி நுனியிலும் எத்தனை முறை பயன்படுத்தினோம் என்று எண்ணும் ஏற்பாடு இருக்கிறது. முன்பு பத்து முறை, 2020 முதல் பலவற்றுக்குப் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு முறை. கணக்கு முடிந்ததும் கருவி பார்க்கப் புத்தம்புதிதாக இருந்தாலும் இயந்திரம் அதை ஏற்காது. கோடிக்கணக்கில் கொட்டி வாங்கிய மருத்துவமனைக்கு அதைச் சும்மா நிறுத்தி வைக்கவும் முடியாது. போட்டி வந்துவிட்டது, பிரிட்டனின் வெர்சியஸ், அமெரிக்காவின் ஹியூகோ, குருகிராமில் உருவான எஸ்.எஸ்.ஐ. மந்த்ரா என்று. விலை இறங்கினால் அதற்கு இவையே காரணமாக இருக்கும். சென்னை ஓமந்தூரார் தோட்டத்து அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில் 2022 இல் ரோபோ அறுவை மையம் திறக்கப்பட்டதால், இது தனியார் விளம்பரத்தோடு நிற்கும் விஷயமும் இல்லை.

நம் நாட்டு மார்புகளுக்குள் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உலகின் காசநோயில் கால் பங்கு இந்தியாவில். எப்போதோ வந்து ஆறிப்போன காசநோய், நுரையீரலை மார்புச் சுவரோடு ஒட்டவைத்திருக்கும். கணுக்கள் சுண்ணாம்பாகி தமனியைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிரிக்கப் போனால் தமனி கிழியும் என்ற பயத்தில்தான் பல சிறுதுளை அறுவைகள் திறந்த அறுவையாக மாறுகின்றன. யாக்கோபேயஸ் குழாய் வழியாக அறுத்த அதே இழைகளை அறுக்க, ஆழம் காட்டும் கண்ணும் மடங்கும் நுனியும் கைகொடுக்கும் என்பது இந்தப் பகுதி மருத்துவர்கள் ரோபோவை விரும்புவதற்கு நியாயமான காரணம். அறுவைக்கு முன்பே கீமோவும் நோயெதிர்ப்பு மருந்தும் கொடுக்கும் புதிய முறையில் திசுக்கள் இறுகிப்போவதால், அங்கேயும் இதே வாதம் எழுகிறது. ஆனால் இந்தியாவில் நுரையீரல் புற்றோடு வருபவர்களில் பெரும்பாலோர் அறுவைக் கட்டத்தைத் தாண்டிய பிறகே வருகிறார்கள். எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததும் காசநோய் மருந்தைத் தொடங்கி, மாதங்கள் போன பிறகு சந்தேகம் வருவது இங்கே பழகிய கதை. அவர்களுக்கு எந்த வகைக் கத்தியும் பயன்படாது.

அறுவை வரை போகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். வாட்ஸா ரோபோவா என்று கேட்பதற்கு முன், மருத்துவரிடம் ஆண்டுக்கு எத்தனை நுரையீரல் அறுவை செய்கிறீர்கள், பாதியில் திறக்க நேர்வது எத்தனை என்று கேட்கலாம். தயங்காமல் பதில் சொல்பவர்கள் உண்டு. அறுவை முடிந்து ஒரு வாரம் பத்து நாளில் நோயியல் அறிக்கை கைக்கு வரும். கட்டியின் அளவுக்குக் கீழே கணுக்களின் பட்டியல் இருக்கும். மார்பின் நடுவிலிருந்து குறைந்தது மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்தும், வேர்ப்பகுதியில் குறைந்தது ஓர் இடத்திலிருந்தும் கணு எடுத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரியின் புற்றுநோய் ஆணையம் வைத்திருக்கும் விதி. அறிக்கையில் அந்த நான்கு இடங்களும் இருக்கின்றனவா என்று யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்கலாம்.